சத்தம் கூடிய பிக்கப்

என் கிடார் காதில் விழவில்லை என்று எங்கள் குழுத் தலைவர் சொன்னது அடி அண்ணாமலையில், ஒரு பௌர்ணமி அன்னதானப் பந்தலில். கச்சேரி முடிந்து ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தோம். எல்லோர் எதிரிலும் சொன்னார்.

“அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. வயசாயிடுச்சில்ல, வெரல்ல அழுத்தம் கம்மியாயிடுச்சு. இனிமே கிடார் சத்தத்தையும் கீபோர்டுலயே போட்டுக்கலாம். நீங்க எப்பவும் போல கிடாரோட நில்லுங்க. ஜனங்களுக்கு அது போதும்.”

“துணிக்கடை பொம்மை மாதிரியா?” என்றேன்.

“சேச்சே, இன்னாக்கா நீங்க!” என்று சிரித்தார்.

கீபோர்டு வாசிப்பது அவருடைய மகன். அதை யாரும் எனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

இந்தத் தலைவருக்கு முன்னால் என் வீட்டுக்காரர் குழுவை நடத்திய காலத்தில், கிடார்காரர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் மெட்ராஸுக்குப் போய்விட்டார். வாங்கிய அச்சாரத்தைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல், வீட்டில் சும்மா தட்டிப் பழகியிருந்த என்னை என் வீட்டுக்காரர் மேடையில் ஏற்றிவிட்டார். புடவை கட்டினவள் கிடார் மாட்டிக்கொண்டாள் என்று ஊர் சிரித்தது. சிரித்தவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் நான்தான் வாசித்தேன். பள்ளிக்கூடத்தில் மூன்றாவதோடு நின்றவள் நான்; இதையும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் என் விரலைப் பற்றி இதுவரை ஒருவரும் வாய் திறந்ததில்லை.

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. பேஸ் கிடார் வாசிக்கும் தம்பிதான் வழி சொன்னார். அவர் எங்கள் குழுவில் எனக்கு அடுத்தபடி பழைய ஆள்.

“வெரல்ல ஒண்ணும் இல்லக்கா. உங்க கிடார் அந்தக் காலத்து மாடல். அதுல இருக்கிற பிக்கப்பும் அப்படியே. சத்தம் கூடின பிக்கப்பா மாத்திடுங்க, அப்புறம் அவரு இன்னா சொல்றாருனு பாக்கலாம்.”

பிக்கப் என்பது கம்பிகளுக்கு அடியில் பட்டை பட்டையாக உட்கார்ந்திருப்பது. காந்தம், அதைச் சுற்றி மயிரிழை போலச் செப்புக் கம்பி. மேலே கம்பி துடிப்பதைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதுதான். என் கிடாரில் மூன்று உண்டு. தெளிவாகப் பேசும். கத்தத் தெரியாது.

தேரடிப் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் கடைக்கு இரண்டு பேரும் போனோம். கடைக்காரர் கிடாரைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார்.

“பேரனுக்குங்களா சார்?”

“அவங்கதாங்க வாசிக்கிறவங்க.”

“அப்படிங்களா” என்று சொல்லிவிட்டு, மறுபடியும் தம்பியிடமே பேச ஆரம்பித்தார். இதில் சுற்று ஜாஸ்தி, இதில் காந்தம் பெரிசு, இப்போது பசங்க எல்லாம் இதைத்தான் வாங்குகிறார்கள் என்று ஒவ்வொரு பெட்டியாக அவர் முன்னால் வைத்தார்.

“ஏம்ப்பா, வாசிக்கிறவ இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கறேன். நீ அங்க பாத்து யாருக்கு விக்கற?”

அதற்குப் பிறகுதான் பெட்டிகள் என் பக்கம் நகர்ந்தன. இருப்பதிலேயே பெரிய சத்தம் எதுவோ அதையே மூன்று இடத்திலும் போட்டுவிடலாம் என்றார்.

“சத்தம் ஏறுனா எது எறங்கும்? அதைச் சொல்லு மொதல்ல.”

அவர் யோசித்தார். “மேல் கம்பியோட கணகணப்பு கொஞ்சம் கம்மியாவும்மா. முரட்டுத்தனமா இருக்கும்.”

“மொளகாய அள்ளிக் கொட்டிட்டு ரசம்னு சொல்ற மாதிரி.”

“ரசம் மாதிரி வேணும்னா பழசே இருக்கட்டும்மா” என்று அவரும் விடவில்லை. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கடைசியில் நான்தான் முடிவு செய்தேன். முன்பக்கத்து இரண்டும் அப்படியே இருக்கட்டும். அம்மன் பாட்டுக்கும் மெதுவான பாட்டுக்கும் அந்தக் குரல்தான் வேண்டும். கம்பிகள் முடியும் இடத்தை ஒட்டிய பின்பக்கத்துப் பிக்கப்பை மட்டும் மாற்றுவது. அதிலும் உச்சமாகக் கத்துவது வேண்டாம், அதற்கு ஒரு படி கீழே. கடைக்காரர் மாட்டிக் கொடுத்தார். கடையிலிருந்த சின்ன ஸ்பீக்கரில் ஒரு இழுப்பு இழுத்தேன். எதிர்க்கடையில் பூக் கட்டுகிறவள் நிமிர்ந்து பார்த்தாள். அது போதும் என்று கிளம்பினேன்.

அடுத்த கச்சேரி கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில், ஆடி மாதம் கூழ் ஊற்றும் திருவிழா. பொழுது சாயும் முன்பே போய் சாமான் இறக்கினோம். எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மேடையில் வாசிக்கிறவர்கள் காலடியில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில்தான் தங்களைக் கேட்டுக்கொள்வார்கள். கீழே ஜனங்களுக்கு என்ன கேட்கிறது என்று பார்ப்பது மிக்ஸர்காரர் வேலை. இத்தனை வருஷத்தில் நான் ஒருநாளும் இறங்கிப் போய்க் கேட்டதில்லை. அன்று, புதுப் பிக்கப்பின் ஆசையில், கிடாரைத் தம்பி கழுத்தில் மாட்டிவிட்டு, “இதைத் தட்டிக்கினே இரு” என்று சொல்லிக் கீழே இறங்கினேன்.

பெண்கள் பாய் விரித்து இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கீபோர்டு கேட்டது, தாளம் தட்டும் பேட் கேட்டது. மேடையில் தம்பி கை வலிக்கத் தட்டுகிறார், கிடார் மட்டும் இல்லை. பக்கத்தில் இருந்த அம்மாளிடம், “கிடார் கேக்குதாம்மா உனக்கு?” என்றேன்.

“அது வாசிக்கிறதா? ஷோவுக்கு கையில புடிச்சிக்கினு நிக்கிறீங்கனு இல்ல நெனச்சேன்! போன வருஷமும் அப்படித்தானே நின்னீங்க?” என்றாள் அவள், கள்ளம் இல்லாமல்.

போன வருஷமும். அப்படியானால் கோளாறு பிக்கப்பில் இல்லை.

நேராக மிக்ஸருக்குப் போனேன். உட்கார்ந்திருந்தவர் தலைவருடைய மச்சான்.

“என் கிடார் எதுப்பா இதுல?”

காட்டினார். மேலும் கீழும் தள்ளும் குமிழ்களில் மற்றதெல்லாம் மேலே நிற்க, அந்த ஒன்று மட்டும் அடிமட்டத்தில் படுத்திருந்தது.

“மாமாதான் எறக்கி வெக்கச் சொன்னாருக்கா. ரொம்ப நாளாவே அப்படித்தான். நான் இன்னா பண்றது?”

அடிமட்டத்தில் படுக்கவைத்துவிட்டு, என் விரலையா குற்றம் சொன்னார்? அதை நம்பி நான் நல்ல கிடாரைப் பிரித்துப் பார்த்தேனே!

தலைவர் ஓடிவந்தார். “அக்கா, கூட்டம் சேருது, அப்புறம் பேசிக்கலாம்.”

“அப்புறம் இல்ல. ஏத்தினாதான் நான் ஏறுவேன்.” சொல்லிவிட்டு அந்த அம்மாளின் பாயிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நான் இல்லாமலே முதல் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். பாதியிலேயே ஊர்ப் பெரியவர் மேடை ஓரத்துக்கு வந்து, “கிடார் வாசிக்கிற அம்மா எங்க? பேனர்ல அவங்க படத்தைத்தானே பெருசா போட்ருக்கீங்க?” என்று கேட்டார். தலைவர் மச்சானுக்குக் கையைக் காட்டினார். மச்சான் குமிழை ஏற்றினார்.

“ஏத்தியாச்சுக்கா, வாங்க!” என்று மைக்கிலேயே கூப்பிட்டார் தலைவர்.

“நீ தட்டு. நான் இங்கேருந்து கேக்கறேன்.”

வேறு வழியில்லாமல் என் கிடாரைக் கையில் எடுத்துத் தட்டினார். வாசிக்கத் தெரியாத கை. அந்தப் புதுப் பிக்கப்பில் அது ‘டொய்ங்’ என்று ஊர் முழுக்கக் கேட்டது. பிள்ளைகள் கெக்கலித்தார்கள். பாயில் இருந்த அம்மாள், “இப்ப கேக்குது” என்றாள். புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தேன்.

அன்று விரல் நோக வாசித்தேன். கோபம்தான் வாசித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாட்டுக்கு நடுவில் தலைவர் பக்கத்தில் வந்து, “சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குதுக்கா” என்றார்.

“வெரல்ல அழுத்தம் வந்துடுச்சு போல” என்றேன்.

குமிழ் எங்கே நிற்கிறது என்று இப்போதெல்லாம் ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் இறங்கிப் போய்ப் பார்க்கிறேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் அவரோடு வாசிக்கிறேனே தவிர, அவர் கொடுக்கும் டீயைக் குடிப்பதில்லை.