சாரத்துக் கயிறு: குறிஞ்சிப்பாடிக்கு ஒரு காலைப் பயணம்

1960களின் நடுவில், ஓர் ஐப்பசி மாதம், நெய்வேலியிலிருந்து குறிஞ்சிப்பாடிப் பக்கம் போனேன். ஊர் பார்க்க அல்ல. டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கட்டிக்கொண்டிருந்த ஒரு காண்டிராக்டரிடம் நான் பாதுகாப்பு அலுவலர். அங்கே சாரம் கட்டும் கலியபெருமாள் மாடி உயரத்திலிருந்து விழுந்து இறந்து பதினாறு நாள் ஆகியிருந்தது. அறிக்கையை முடிக்க அவர் மனைவி அஞ்சலையின் வாக்குமூலம் வேண்டும். காரணம் என்ற இடத்தில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று முன்பே எழுதிவிட்டேன்.

காலை 7.10 பஸ். கட்டணம் நாற்பது காசு. வடலூரில் கால் மணி நேரம் நின்று, 8.05க்குக் குறிஞ்சிப்பாடியில் இறக்கிவிட்டது. அங்கிருந்து வயல் நடுவே இரண்டு மைல் நடை. (ஐப்பசியில் போகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், சேறு விடாது.) வழியில் தறிக்குப் பாவு நூல் நீட்டிக்கொண்டிருந்த நெசவாளி ஒருவரிடம் கேட்டேன்.

"சாரத்துலேர்ந்து வுழுந்தாரே, அவரு வூடா? கடைசித் தறிய தாண்டி ரெண்டாவதுங்க" என்றார்.

அஞ்சலை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அறிக்கை எழுத ஆபீஸிலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். சொம்பில் தண்ணீர் கொடுத்தார்.

"வேலையில கொஞ்சம் அவசரப்படுவாரோ?" என்று ஆரம்பித்தேன்.

"அவரா? ஒரு வட்டில் சோத்த அரை மணி நேரம் துன்னுவாருங்க. கயிறுதாங்க இத்துப் போயிருந்துச்சு. முந்தின நாளே சொல்லிக்கினு இருந்தாரு."

"அதை சைட்டில் சொல்லவில்லையா?"

"நானும் அதத்தாங்க கேட்டேன். கட்டினவன் நீதானேன்னு அரை நாள் கூலி புடிச்சிடுவாங்களாம். சேப்டி ஐயாவோட சட்டமாம்."

சாரத்தில் குறை தெரிந்தால் அதைக் கட்டியவருக்குப் பிடித்தம். அந்தச் சட்டம் நான் போட்டது. ஆறு மாதமாக ஒரு குறையும் வரவில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டும் இருந்தேன்.

"அந்த ஐயா நான்தாம்மா."

கீரை ஆய்ந்த கை நின்றது.

"அவரு வந்து சொல்லியிருந்தா புடிச்சிருப்பீங்களா?"

"பிடித்திருப்பேன்."

"அப்ப கயித்த பத்தி எழுதுங்க. அப்பன் அசந்து வுழுந்தான்னு எம் புள்ளைங்க கேக்க வாணாங்க."

11.40 பஸ்ஸில் திரும்பும்போது முன்பு எழுதிய காரணத்தை அடித்தேன். 'கயிறு இற்றிருந்தது. அவருக்குத் தெரியும். சொல்ல முடியாதபடி என் விதி இருந்தது' என்று எழுதினேன். காண்டிராக்டர் படித்துவிட்டு, "உன் தலையில நீயே மண்ணைப் போட்டுக்கிறே" என்றார். மறுநாள் ஆட்களைக் கூட்டி அதை வாசித்தேன். பிடித்தம் இனி இல்லை, குறை தெரிந்தால் இறங்கி வந்து சொல்லுங்கள், கூலி குறையாது என்றேன். ஒன்பது நாள் யாரும் வரவில்லை.

பத்தாம் நாள் பாக்கியம் என்ற சித்தாள் தயங்கிக்கொண்டே வந்தார். "ஏணில நாலாவது படி ஆடுதுங்க. நா ஒண்ணும் பண்ணலீங்க."

"சொன்னதே போதும்மா" என்றேன். அவர் கண்முன்னே படியை மாற்றினோம். அன்று மாலைக்குள் இன்னும் மூன்று பேர் வந்தார்கள்.

இதே வேலையில் இருக்கிறவர்களுக்கு: இப்படி ஒரு வீட்டுக்குப் போக நேர்ந்தால் காரணத்தை எழுதிக்கொண்டு போகாதீர்கள். திரும்பும் பஸ்ஸுக்கு அவசரப்படாதீர்கள். குறையே வராத சைட்டைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். கலியபெருமாள் இருந்தவரை நான் தினமும் அவரைத் தாண்டித்தான் ஆபீஸுக்குள் போவேன், அவரும் வணக்கம் சொல்வார். கயிறு எப்படி இருக்கிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.