அக்காவின் நிறத்திலேயே ஒரு படம்

வேறு யாரும் சொல்லப்போவதில்லை, அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன்: றக்வானைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முதன்முதலாக ஒழுங்கான முகப்படம் எடுத்தவள் நான்தான். அதுவும் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவுக்குள்.

அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த காலம். நல்ல கறுப்பு அவள். மூக்கும் முழியுமாக இருப்பாள். பஜார் ஸ்டூடியோவில் பவுடரை அப்பி, விளக்கை முகத்தில் அடித்து அவளை வெள்ளைக்காரியாக்கிவிட்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்து இரண்டு வீட்டார் வந்தார்கள். இரண்டு வீட்டாரும் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, படத்தில் வேறு மாதிரி இருந்ததே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்றாவதாகக் கலவானையிலிருந்து ஒரு வீட்டார் படம் கேட்டபோது, அக்கா கொழுந்துக்கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“நீயே எடு. என் நெறத்துலயே எடு. இல்லாட்டி படமே வேணாம். இன்னொருக்கா அப்படிப் போயி என்னால நிக்க முடியாது.”

நான் அப்போது பஜாரில் புடவைக் கடையொன்றில் வேலை. கல்யாண வீடுகளில் படம் பிடிப்பவர் ஒருவர் கழித்த கமராவும், தலையைத் திருப்பக்கூடிய பிளாஷும் என்னிடம் வந்து சேர்ந்திருந்தன. முதலில் நேராக அடித்தேன். நெற்றி எண்ணெய்ச் சட்டியாக மின்னியது. பின்னால் கரிய நிழல். வெளிச்சம் எதிலாவது பட்டுத் திரும்பினால்தான் முகம் பதமாக வரும். எங்கள் கூரையோ புகை படிந்த தகரம். ஆகவே பிளாஷைச் சுவர்ப்பக்கம் திருப்பி எடுத்தேன். ரோல் கழுவி வந்தபோது அக்கா நீலம் பாய்ந்து கிருஷ்ண பரமாத்மாவாக இருந்தாள். பொங்கலுக்குச் சுண்ணாம்பில் நீலம் கரைத்துச் சுவருக்கு அடிப்பது எங்கள் வழக்கம். அந்த வருஷம் அடித்தவள் நான். நீலத்தில் கஞ்சத்தனமே காட்டவில்லை. அக்கா சிரிக்கவில்லை. கலவானையிலிருந்து மறுபடி ஆள் வந்து கேட்டதாக மட்டும் சொன்னாள். எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

அடுத்த ஞாயிறு, திருவிழாவுக்கென்று அம்மா பூட்டி வைத்திருந்த அப்பாவின் புது வேட்டியை எடுத்தேன். சலவை நீலம் இன்னும் படாத வேட்டி அது ஒன்றுதான். அம்மா கத்தினாள், கத்தட்டும். அதைக் கொடிக்கயிற்றில் அகல விரித்து, பிளாஷை அதன்மேல் அடித்தேன். மறு கன்னம் இருளாமலிருக்க, தேயிலைப் பெட்டியின் உட்புறத்து வெள்ளித்தாளைக் கசக்கி அட்டையில் ஒட்டி, கத்திய அம்மாவின் கையிலேயே பிடிக்கக் கொடுத்தேன். அக்காவைச் சுவரை விட்டுத் தள்ளி முக்காலியில் உட்கார வைத்தேன். பவுடர் டப்பாவை ஒளித்துவைத்தேன்.

படங்களைக் கழுவித் தந்த பஜார் ஸ்டூடியோ முதலாளி, எந்த ஸ்டூடியோவில் எடுத்தது என்று சிங்களத்தில் கேட்டார். லயத்தில் என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன். அவர் நம்பவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. மலையேறும் பஸ்ஸில் இடமிருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

கலவானையிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா வந்தார். அக்கா தேத்தண்ணீர்த் தட்டோடு வந்து நின்றதும், அவர் பையைத் திறந்து நாங்கள் அனுப்பியிருந்த அந்தப் படத்தை எடுத்தார். அவர் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதே புள்ளதாங்க. படத்துல இருக்கிற அதே நெறம். இதப் பாத்துத்தான் பையன் புடிச்சிருக்குன்னான்.”

அக்கா நிமிர்ந்தாள். முதலில் என்னைத்தான் பார்த்தாள்.