வராதவர்களின் எண்

ஆடிப்பெருக்கன்று காலை ஆறு மணிக்குத் திருச்சி ஜங்ஷனில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். டிக்கெட் பதினைந்து ரூபாய். மாறும் காலத்துக்கேற்ப மாறிக்கொள்வது எப்படி என்று தொண்டு அமைப்புகளுக்குப் பாடம் நடத்துவது என் பிழைப்பு. அம்மா மண்டபம் படித்துறையில், கூட்டத்தில் தொலையும் குழந்தைகளைப் பெற்றோரிடம் சேர்க்கும் பெண்கள் குழுவுக்கு மறுநாள் பயிற்சி. முன்னதாக ஒரு நோட்டம் விடலாமே என்று மதுரையிலிருந்து கிளம்பியிருந்தேன்.

மாம்பழச் சாலையிலேயே கண்டக்டர் இறக்கிவிட்டார். "இதுக்கு மேல நடந்துதாங்க போகணும்."

படித்துறையில் கால் வைக்க இடமில்லை. பூவும் மஞ்சளுமாகக் காவிரி இரு கரை தொட்டு ஓடியது. மலைத்துப்போய் நின்றேன்.

குழுவின் தலைவி மும்தாஜ், பாலக்கரையில் தையல் கடை வைத்திருப்பவர். பந்தலில் உட்கார்ந்து, போன் நம்பர் எழுதிய துணிப் பட்டையைக் குழந்தைகளின் மணிக்கட்டில் கட்டிக்கொண்டிருந்தார். எல்லாரிடமும் ஒரே கேள்வி: "இன்னிக்கு வராம வீட்டுல இருக்கறவங்க யாருங்க? உங்களுக்கு மனப்பாடமா தெரிஞ்ச நம்பரா சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. "கூட வந்த அப்பா நம்பர்தானே வேணும்?"

"மொத வருஷம் அதத்தாங்க எழுதினோம். போனு பைக்குள்ள, பை கரையில, அவங்க தண்ணிக்குள்ள. யாரு எடுப்பா? ஒரு புள்ள சாயங்காலம் வரைக்கும் என் மடியிலேயே அழுதுச்சு. அதான் தப்பு நோட்டுன்னே ஒண்ணு போட்டோம். வருஷா வருஷம் எல்லாரும் உக்காந்து நாங்க பண்ணின தப்பையெல்லாம் எழுதுவோம்."

பத்தே முக்காலுக்கு நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியைத் தூக்கி வந்தார்கள். மும்தாஜ் பட்டையிலிருந்த எண்ணை அழைத்தார். துறையூரில் அவள் அத்தை எடுத்தார்.

"புள்ள பத்திரமா இருக்குங்க. போனை வெச்சிடுங்க, அம்மா கூப்பிடுவாங்க. பந்தலுக்கு வரச் சொல்லுங்க."

"எப்படி அவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?" என்றேன்.

"புள்ளையக் காணோம்னா யாரு போனையாவது வாங்கி வீட்டுக்குத்தாங்க பேசுவாங்க."

அம்மா அப்படிப் பேசாமல், மகள் ஆற்றோடு போய்விட்டாள் என்று தண்ணீரில் இறங்கித் தேடினால்? பத்து நிமிடம் ஆற்றுப் பக்கம் பார்க்கவே இல்லை. பிறகு ஈரப் புடவை தடுக்கத் தடுக்க ஒருத்தி ஓடி வந்தாள். மகளை வாரி எடுத்தவள் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. நான் அழுதுவிட்டேன். இத்தனை பெரிய கூட்டத்தை ஒரு முழத் துணியால் கட்டி வைத்திருக்கிறார்களே!

மறுநாள் நான் பாடம் நடத்தவில்லை. தப்பு நோட்டை முதலிலிருந்து படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன். மதுரை திரும்பும் பஸ்ஸில் எங்கள் அலுவலகத்தின் ஆண்டறிக்கைகளைப் போனில் புரட்டினேன். பதினைந்து வருஷத்தில் நாங்கள் ஒரு தப்புகூடச் செய்ததாக எங்குமே இல்லை.