அத்தை பிறந்த வருஷம்

மோனிகா என்ற பெயரைக் கன்னியம்மா முதலில் கேட்டது, மகன் எபினேசருக்குப் பெண் பார்த்தபோது. சேதி கொண்டுவந்தவர் தம்பி கலியன். "பேரு மோனிகா. நல்ல பொண்ணு. பத்தாவது, சோசியல்ல மட்டும் போச்சு." அன்றிலிருந்து பெயரையும் போன பாடத்தையும் சேர்த்தேதான் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். ஆயிற்று, பன்னிரண்டு வருஷம்.

மோனிகாவுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ரப்பர் கம்பெனியில் பேக்கிங் வேலை. எட்டு மணி நேரமும் நின்றபடி. செக்கர் ஆனால் நாற்காலி கிடைக்கும். அதற்குப் பத்தாவது சர்டிபிகேட் வேண்டும். கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருண்டு புடைத்த பிறகுதான் தனித்தேர்வுக்கு விண்ணப்பம் போட்டாள்.

படிப்பெல்லாம் கீரை ஆயும்போதும் குழம்பு கொதிக்கும்போதும்தான். வாய்விட்டுப் படித்து, தனக்குப் புரிந்த விதத்தில் மாமியாருக்கும் சொல்வாள்.

"ஜனாதிபதி நம்ம பெரிய மாமா மாதிரி அத்தே. பத்திரிகைல பேரு மொதல்ல இருக்கும். கல்யாணத்த முடிவு பண்றது வேற ஆளுங்க."

இன்னொரு நாள், "ஊட்ல நீங்க ஆக்கற சோறு நாட்டு வருமானத்துல சேராதாம். அதையே மெஸ்ல ஆக்கினா சேரும்" என்றாள்.

"அப்ப அம்பது வருசமா நான் சும்மா குந்திக்கினு கீறனா? எழுதுனவன இட்டுக்கினு வா, கேக்கறேன்."

வருஷங்கள்தான் மோனிகாவின் தலையில் தங்காது. அதனால் ஒவ்வொன்றையும் ஒரு உறவில் கட்டி வைப்பாள். உப்புச் சத்தியாகிரகம் என்றால் தாத்தா பிறந்தது. சீனப்போர் என்றால் கலியன் பிறந்தது. மாநிலங்கள் பிரிந்ததற்கு மாமியாரே இருந்தாள். "நான் பொறந்த வருசம்தான் பாசைக்கு ஒண்ணா பிரிச்சாங்கன்னு எங்க நைனா சொல்லும்" என்று, ஆர்.கே.பேட்டையில் பிறந்த கன்னியம்மா எப்போதோ சொல்லியிருந்தாள்.

ஏப்ரலில் தேர்வு எழுதிவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாள் மோனிகா. "மாநிலம் பிரிச்ச வருசம் கேட்டாங்க அத்தே. உங்க ஆதாரு எனக்கு மனப்பாடமாச்சே. அம்பத்தொண்ணுன்னு போட்டுட்டேன்."

கன்னியம்மா முறத்தைக் கீழே வைத்தாள். முதியோர் பென்ஷன் சீக்கிரம் வரட்டும் என்று, ஆதாருக்கு விவரம் எழுத வந்தவரிடம் ஐந்து வயதைக் கூட்டிச் சொன்னவள் அவள்தான். பாதி ஊர் அப்படித்தான் சொன்னது.

"நான் பொறந்தது அம்பத்தாறும்மா" என்றாள் மெதுவாக.

முப்பத்து நான்கு மார்க் வந்தது. முப்பத்தைந்து வந்திருந்தால் பாஸ்.

மூன்று நாள் கன்னியம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் ஆதாரை மடியில் சொருகிக்கொண்டு கிளம்பினாள். "தாலுக்கா ஆபீசுல நெசத்தச் சொல்லி மாத்திட்டு வரேன்."

"உங்க வயச கொறச்சா எனக்கு மார்க்கு ஏறுமா? பேஜாரு பண்ணாம குந்துங்க. கேள்வி கேளுங்க, நான் சொல்றேன்."

கன்னியம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஒரு வரிக்கு ஒரு நிமிஷம் பிடிக்கும். ஆனாலும் அன்று முதல் தினமும் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். மோனிகா பழக்கதோஷத்தில் யாராவது சொந்தக்காரர் பெயரை எடுத்தால் விடமாட்டாள். "சனம் வேணாம். வருசத்த மட்டும் சொல்லு."

இன்று துணைத்தேர்வு. கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு மோனிகா இப்போது கும்மிடிப்பூண்டிப் பள்ளிக்கூடத்தில், தன் வயதில் பாதி இருக்கும் பிள்ளைகளுக்கு நடுவே, நாலாவது பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள்.