கரண்டியோடு வந்த சட்டி

ஐம்பதுகளின் கடைசியில் சிராங்கூன் ரோட்டில் குடியிருந்தோம். டைபாய்டிலிருந்து எழுந்த என் மனைவிக்கு எது சாப்பிட்டாலும் கசந்தது, துப்பிவிடுவாள். ஒருநாள் அவளாகவே, "பாண்டான் சர்பத் கிடைக்குமாங்க?" என்றாள். தேக்கா சந்தைக்குப் பறந்தேன்.

வாசனைக்குப் போடும் பாண்டான் இலையை முடிந்து சீனிப்பாகில் கொதிக்கவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் என் சமையல் பெருமையை அளந்தேன். அதற்குள் பாகு வற்றிவிட்டது. இறக்கி ஆறவைத்துக் கரண்டியைத் தூக்கினால், சட்டியும் கூடவே வந்தது! அவள் ஆசையாகக் கேட்ட ஒன்றையும் கெடுத்துவிட்டேனே என்று பதறிக் குழவிக்கல்லால் பாகை மொத்தினேன்.

சத்தம் கேட்டு, சுவரைப் பிடித்தபடி வந்து நின்றாள்.

"என்னங்க, சர்பத் கேட்டா செங்கல் அறுக்கிறீங்க?"

"புது மாதிரி சர்பத் லா. கடிச்சுக் குடிக்கணும்."

சிரித்தாள். தட்டில் தெறித்த ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினாள். துப்பப்போகிறாள் என்று உள்ளங்கையை நீட்டினேன்.

"கசக்கலைங்க. இன்னொன்னு குடுங்க."

மேடையேறி எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்த நான், அடுப்புப் புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன். அடுப்பு அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தது.