கையை உயர்த்திய நாள்

புத்தூரில் மனநல சிகிச்சை பெறும் பெண்களுக்கு வாரம் ஒருநாள் நடன அசைவுப் பயிற்சி கொடுத்து வந்தேன். அன்று புதிதாக வந்திருந்த யோகமக்கா அசையாமல் நின்றார். கூச்சம் என்று நினைத்துப் பின்னால் போய், அவருடைய இரு கைகளையும் பிடித்துத் தலைக்கு மேலே உயர்த்தினேன்.

அவர் உடல் விறைத்தது. "சுடாதேங்கோ!" என்று அலறியபடி தரையில் சுருண்டு விழுந்தார்.

பதறிக் குனிந்தேன். "தொடாதேங்கோ ரீச்சர்!" என்று துணைக்கு வந்திருந்த அவருடைய தங்கை தடுத்தாள். "சண்டை முடியேக்கை ஆமிக்காரருக்கு முன்னாலை அக்கா கையைத் தூக்கிக்கொண்டுதான் வெளியிலை வந்தவா."

சற்றுத் தள்ளித் தரையிலேயே உட்கார்ந்தேன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா." அவருடைய மூச்சு சீராக நெடுநேரமானது.

எழுந்தவர், "வாற கிழமையும் வாறன். பின்னாலை மட்டும் வராதேங்கோ" என்றார்.

இருபது வருடம் நடனம் கற்பித்தவள் நான். அசையாமல் நின்ற எவரிடமும் ஏன் என்று அதுவரை கேட்டதே இல்லை.