சாம்பல் கல்லில் சக்கரம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை கிடைக்காமல் இராஜபாளையம் ரோட்டில் நடந்துகொண்டிருக்கிறேன். வழியில் ஒரு செங்கல் களம். அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பலில் செய்த கல், வாங்க ஆளில்லாமல் குவிந்து கிடக்கிறது. வீடு கட்டக் கல் பார்க்க வந்த நாமக்காரர் முகம் சுளிக்கிறார்.

“நெத்தியிலயே சாம்பல் பூசாத குடும்பம்யா. செவுத்துல வைக்கவா?”

இவரும் போனால் களத்தை மூட வேண்டியதுதான். முதலாளி கெஞ்சுகிறார்: “ஜப்பான்ல இத சிமெண்டுல கலக்குதான் சாமி, ஜெர்மனியில ரோடே போடுதான்.”

“அவிய பெருமாளைக் கும்பிடுதாகளா?”

பசியிலும் என் வாய் சும்மா இருப்பதில்லை. “கல்லுல சக்கரம் அச்சடிச்சா பெருமாள் கல்லாயிரும்லா?”

நாமக்காரர் சரியென்று தலையாட்டுகிறார்.

மறுநாள் காலையிலிருந்து ஈரக் கல்லில் சக்கரம் அழுத்துவது என் வேலை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அழுத்த வேண்டுமாம், நாமக்காரர் கட்டளை.